மாடிப் பெட்டியை விடாத கன்ட்ரோலர்

என் அண்ணன் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் செருகியிருக்கும். அதனால் எங்கள் தம்பி அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் வைத்தான். அது அப்படியே ஆபீஸ் ஆபீஸாகப் பரவி, இப்போது சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆளே தெரியாது.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மெஷினைத் திறப்பதற்கு முன்னால், கோளாறு யாரால் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஸ்க்ரூவில் கை வைக்க மாட்டார். ஒரு மேனேஜரிடம் அத்தனை பேர் நடுவில், "சார், பேப்பர் சிக்குறதுக்கு மெஷின் காரணமில்ல. நீங்க அது மேல வெச்சு சாப்பிடுற பிஸ்கட்தான்" என்றார். அந்த ஆபீஸ் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்து, "உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று அப்பாவி மாதிரி கேட்டார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்த்தா குறைஞ்சா போயிடுவே?" என்று கத்தினேன். கேட்கிற ஆளா அவர்!

வீட்டில் கீழே அண்ணன் குடும்பமும் அப்பாவும். மாடி அறையில் தம்பி, கிடங்கில் ஷிஃப்ட் வேலை. நான் அடுத்த தெரு. லீவு நாளென்றால் அண்ணன் மாடியேறிவிடுவார். தம்பியின் கேம் பெட்டியில் இருவரும் கார் ரேஸ் ஆடுவார்கள். இரண்டு தடியன்களும் போடுகிற கூச்சலில், அண்ணி கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் சீலிங்கைத் தட்டுவாள். அண்ணனுக்கென்று தனிக் கன்ட்ரோலர் இருந்தது. அதன் பட்டனை அழுத்தினாலே டிவி தானாக எரிந்து 'டெஸ்டர் வந்துவிட்டார்' என்று எழுத்து வரும்படி தம்பி செய்து வைத்திருந்தான்.

அப்பா குளியலறையில் விழுந்த அன்று அண்ணன் வேலையில் இருந்தார். அண்ணி வெளியே போயிருந்தாள். தம்பி மாடியில், காதில் ஹெட்போனோடு ஆடிக்கொண்டிருந்தான். அண்ணி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடனே தூக்கியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அண்ணன் அவருக்கு முந்திக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் எதிரிலும் தம்பியிடம், "நீ கார் ஓட்டிக்கிட்டிருந்தப்போ அப்பா கீழ கத்திக்கிட்டு கிடந்தாரு" என்றார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. ஒருவர் படியேறினால் மற்றவர் இறங்க மாட்டார். அண்ணனின் கன்ட்ரோலர் கீழே வந்து அலமாரிக்குள் போனது. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். ஒரே வீட்டுக்குள் ஒருத்தியால் எத்தனை முறைதான் தூது போக முடியும்?

பள்ளி விடுமுறையில் அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் ஏதோ புது கேம் போட்டுக்கொண்டு, கீபோர்டில் ஆட வரவில்லை என்று சிணுங்கினாள். அண்ணன் அலமாரியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கும், பிறகு நின்று எரியும். கம்ப்யூட்டரோ அப்படி ஒன்றையே பார்க்கவில்லை என்று சாதித்தது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். ப்ளூடூத்தை அணைத்துப் போட்டார். மறுநாள் வேறு ப்ளூடூத் வாங்கி வந்து செருகினார். அழுத்துவதும் அணைப்பதுமாக மூன்று நாலு நாள் மத்தியானங்கள் அதிலேயே போயின.

கடைசியில், "விளக்கு நின்னு எரியுதுன்னா இது எதையோ பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். கம்ப்யூட்டரைப் பிடிக்கல. அப்போ எதை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி சீலிங்கைப் பார்த்தார். "மாடிப் பெட்டியை இன்னும் விடல இது."

விஷயம் அவ்வளவுதான். பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அண்ணி கொடுத்த சேஃப்டி பின்னை அதில் விட்டு அழுத்தினார். பழைய இணைப்பு அழிந்தது. அடுத்த நொடி கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொண்டது. மகள் குதித்தாள். அண்ணன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பயணப் பெட்டிகளைக்கூட அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இறக்கினான்.

போன பிறகு அவன் என்னிடம் போனில் பேசியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது.

"அக்கா, கிளம்புறதுக்கு முந்தின மாசம் மூணு நாலு நாள் அண்ணன் ஆட வந்தாருக்கா."

"ஆட வந்தாரா? எங்க?"

"மத்தியானம் படுத்திருப்பேன். திடீர்னு டிவி தானா எரியும். 'டெஸ்டர் வந்துவிட்டார்'னு வரும். எழுந்து என் கன்ட்ரோலரை எடுத்துக்கிட்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்துல போயிடுவாரு. மறுநாளும் வருவாரு. கௌரவம், மாடியேற மனசு வரல. ஆனா கீழேருந்து கூப்பிட்டாரு பாரு, அது போதும்க்கா. அது இல்லேன்னா இங்க ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டேன்."

நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கையில எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தானா?"

"ஆமா."

"தினமுமா?"

"ஆமாண்ணா."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "போனைப் போடு" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா, இரண்டு மரமண்டைகளுக்கும் புத்தி வந்ததே என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா! நீயா?" தம்பி குரல் உடைந்தது.

"நான்தாண்டா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ணா. அண்ணா, நீ கூப்பிட்டப்போ நான் இறங்கி வந்திருக்கணும். அப்பா விஷயத்துல உனக்குக் கோபம் போயிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் வரல."

அண்ணன் ஒரு 'ம்' சொன்னால் போதும். நான் அண்ணன் கையை அழுத்தினேன். தலையாட்டினேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இல்லடா, அது நான் கூப்பிடல. பாப்பாவுக்காகக் கம்ப்யூட்டர்ல சேக்கப் பார்த்தேன். அது பழைய ஞாபகத்துல உன் பெட்டியைப் போய்ப் பிடிச்சிடுச்சு. அப்புறம் ரீசெட் பண்ணிட்டேன்."

அண்ணன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கேக்குதாடா?"

"கேக்குது. அப்போ நீ கூப்பிடவே இல்ல" என்றான்.

"இல்ல. அதான் சொல்ல வந்தேன், ஆனா..."

"சரிண்ணா. ஷிஃப்டுக்கு நேரமாச்சு." வைத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். "ஏண்ணா, ஏன்? ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொன்னதை அன்னைக்கே கேட்டேன். அவன் மேல தப்பில்லன்னு தெரியும். ஆஸ்பத்திரில நான் சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்லத்தான் போடச் சொன்னேன். கன்ட்ரோலர் விஷயத்தை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் அதைச் சொல்லலாம்னு இருந்தேன்."

மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, பதில் வராத அந்த மணியைக் காதில் வைத்துக்கொண்டு, எடுத்ததும் சொல்ல வேண்டியதை மெல்ல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.