தண்ணீர் இல்லை என்று சொன்னவள்

நிலவியல் முதுகலை படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அப்பாவிடம் கேட்காத ஆளே பெரிய காஞ்சிபுரத்தில் இல்லை. அவருடைய ஆட்டோவில் ஏறியவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அரசுத் தேர்வில் நேர்முகம் வரை போய்த் திரும்பியிருந்தேன். கைவசம் இருந்தது ஒடிசாவில் ஒரு இரும்புச் சுரங்க வேலை மட்டும். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கிளம்பினால் அவர் தனி. அதனால் போர் போடுகிறவர்களுக்கு நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லி ஊரிலேயே பிழைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் கூப்பிட்டவர் பெரியப்பா. மாகறலில் அவருடைய மேட்டு நிலத்தில் இரும்புக் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, காலை முழுக்க அளந்தேன். எங்கே ஊன்றினாலும் கீழே விரிசலே இல்லாத பாறை. தண்ணீர் இல்லை, போர் வேண்டாம் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. போர் போட பாயிண்ட் பார்க்க வந்தவர் அடையாளத்துக்கு எங்காவது ஒரு கல்லை நட்டுவிட்டுத்தான் போவார்; அதுதான் இங்கே வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் பொய்யாக ஒரு கல்லை நட மனசு வரவில்லை.

பெரியப்பா தேங்காய் வைத்துப் பார்ப்பவரை அழைத்து வந்தார். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, போர் போட்டார்கள். சாயங்காலம் வரை சாம்பல் நிறப் புழுதிதான் வந்தது.

நான் சொன்னது சரி என்று இனி ஒப்புக்கொள்வார்கள் என நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! பெரியம்மா எல்லோர் எதிரிலும், "நல்ல காரியத்துக்கு முன்னாடியே இவ வாய வச்சிட்டா. அப்பறம் எங்கேந்து தண்ணி வரும்?" என்றார். தேங்காய்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினார். அவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது.

பேச்சு வாலாஜாபாத் வரை போய்விட்டது. வரச் சொல்லியிருந்தவர்கள் போனையே எடுக்கவில்லை. இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லத்தான் எங்கள் படிப்பு பெரும்பாலும் உதவும். அதைக் கேட்க ஆளில்லாத ஊரில் நான் என்ன செய்வது? ஒடிசாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

ரயிலில் பெட்டியை ஏற்றிவிட்டு, அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "அங்க யாராச்சும் கேட்டா இருக்குதுன்னே சொல்லுமா. உன் வாய்க்கு அப்படியே நடக்குது" என்றார்.

சரிப்பா என்றேன்.