அப்பா வாய் திறக்கவில்லை

கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் செய்கிறேன். எங்கோ ஒரு டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் போடுவதுதான் வேலை. வாய்ப்புண்ணில் என்ன இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். அடிக்கடி வந்து தானே ஆறும் புண்ணுக்கு ஒரு எண், வேறு வகைப் புண்ணுக்கு வேறு எண். டாக்டர் எழுதாததை நாமாக ஊகித்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் அவரையே கேட்க வேண்டும்.

அம்மா போன பிறகு அப்பா களமருதூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு நாள் அண்ணி போன் செய்தார்.

“மாமா சரியாவே சாப்பிட மாட்டேங்கறாரு. பேச்சும் கம்மி. நா வைக்கிற கொழம்பு புடிக்கலயோ இன்னாவோ. நீயே வந்து கேளு.”

அம்மா நினைப்புதான் என்றான் அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பா குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். ஒரு பக்கமாகவே மென்றார். விழுங்கும்போது முகம் சுளித்தது.

“எங்க வலிக்குதுப்பா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“வாயத் தொற, பாக்கறேன்.”

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில் புண். அதற்கு நேராக ஒரு கடைவாய்ப்பல் உடைந்து கூராக நின்றது. ஒரு மாதத்துக்கு மேலாக இருக்கிறதாம்.

“இதப் போயி மருமவகிட்ட சொல்லிக்கினு இருக்க முடியுமா?” என்றார்.

“சொல்லியிருந்தா காரம் இல்லாம வச்சிருப்பேனே மாமா,” என்ற அண்ணி குழம்புக் கிண்ணத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் என்றால் அடுத்து என்ன வரலாம் என்று எத்தனையோ குறிப்புகளில் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டரம்மா பல்லின் கூர்முனையை ராவிவிட்டு, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சதை எடுத்துப் பரிசோதிக்கணும் என்றார். புண் எந்த இடத்தில், எதனால் என்பதையும் சீட்டில் எழுதினார்.

அப்பா என்னோடு தங்கினார். அந்த நாட்களில் நாக்கு என்ற சொல் வந்த குறிப்பையெல்லாம், பரிசோதனை முடிவு இருக்கும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படித்தேன்.

ஆறிவிட்டது. டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

களமருதூருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: “அம்மாவ நெனச்சிக்கினுதான் நீ சாப்பிடலன்னு இருந்தோம்ப்பா.”

அப்பா ஜன்னல் வழியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுவுந்தான்,” என்றார்.