ரவ்னா கிழித்த கூடாரம்

ரவ்னா ஐம்பது வயதுக்குமேல்தான் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை யோவ்னா, மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், குளிர் மட்டும் ஆகாது. வட ஐரோப்பாவின் பனிநாட்டில் துருவ மான் மேய்க்கும் எங்கள் சாமி இன மக்களில் இப்படி ஒருவரா என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்து வந்த பிப்ரவரியில் மந்தையோடு இருவரும் மேட்டுவெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். பிர்ச் மரச் சுள்ளிகளைப் பரப்பி, மேலே மான்தோல் விரித்துப் படுக்கை. கால் சூட்டுக்காக அவர் காலணியில் தினமும் காய்ந்த கோரைப்புல்லைத் திணித்துக் கொடுப்பாள் ரவ்னா. ஆனாலும் அவருக்குக் குறைதான்.

"மேல இருக்கிற ஓட்டை வழியா என் சூடெல்லாம் போகுது."

"புகையும் அது வழியாத்தான்யா போகுது. பேசாம படு."

ஒருநாள் பனிக்காற்று எழுந்தது. விலகிப்போன மான்களைத் திருப்ப அவள் பனிச் சறுக்குக்கட்டையில் கிளம்பினாள். அவள் மறைந்ததும் யோவ்னா புகைத்துளையை இழுத்து மூடிவிட்டுத் தீயில் விறகைப் போட்டார்.

இருட்டுவதற்குள் திரும்பியவள், கூடாரத்தின் மேலே புகையே இல்லாததைப் பார்த்தாள். வாசலில் நாய் முனகிக்கொண்டிருந்தது.

"யோவ், உள்ள என்ன பண்ற?"

"வா... கதகதன்னு இருக்கு. தலைதான் சுத்துது..." நாக்கு குழறியது.

வாசல் துணி உறைந்து பலகையாகியிருந்தது. ரவ்னா இடுப்புக் கத்தியை உருவி, துணியை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். சட்டைக் காலரைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள். அவர் வாந்தி எடுத்தார். வெகுநேரம் கழித்துத்தான் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது.

"புதுக் கூடாரத்தக் கிழிச்சிட்டியேடி. எங்க அக்கா தச்சது."

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

பிறகு அக்குளில் விரல்களைச் சூடேற்றிக்கொண்டே மான் நரம்பில் திரித்த நூலால் கிழிசலைத் தைத்தாள். புகைத்துளையைத் திறந்துவிட்டுத் தீயைச் சிறிதாக வைத்தாள். ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, காய்ந்ததை மாட்டிவிட்டு, கொழுப்பு மிதக்கும் எலும்புச் சாறு கொடுத்தாள். எல்லாத் தோல்களையும் ஒன்றாகப் போர்த்தி இருவரும் ஒட்டிப் படுத்தார்கள். நாய் காலடியில் சுருண்டது.

காற்று அடங்கியதும் இருவருக்கும் என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே ஊரிலிருந்து நாங்கள் சிலர் பனிவண்டியில் போனோம். எங்கள் வழக்கப்படி காப்பிக்குள் எவ்வளவு பாலாடைக்கட்டி போடுவது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குளிர் எப்படிண்ணே?" என்றேன்.

"இவ பக்கத்துல வேர்க்குதுப்பா," என்றார் யோவ்னா.

இந்த வருடம் எங்களுக்கு முன்னாலேயே இருவரும் மந்தையை ஓட்டிக்கொண்டு மேட்டுவெளிக்குக் கிளம்பிவிட்டார்கள்.