வெளியூர்க்காரரின் மனைவி

திருவொற்றியூரில் சொந்த வீடு வைத்திருப்பவள் மீனம்பாக்கத்தில் போய் ஓட்டல் ரூம் எடுப்பாளா? கொழுப்புதானே? நீங்கள் கேட்பதற்கு முன்பே என் நாத்தனார் கேட்டுவிட்டார். எடுத்தேன். போன வாரம்தான். ஆன்லைனில் முன்கூட்டியே பணமும் கட்டினேன். கட்டிவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரப் பத்தியில் உங்களிடம் கொட்டப் போகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை... அங்கங்கே சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை சுமதி மஸ்கட்டில் நர்ஸ். கணவர் இறந்த பிறகு வேலைக்குப் போனவள். அவள் மகள் யாழினிக்கு ஒன்பது வயது, என்னோடும் என் கணவரோடும்தான் வளர்கிறாள். சுமதிக்கு வருஷத்தில் ஒரு மாசம் லீவு. அந்த ஒரு மாசத்தை யார் யாரோ பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு கல்யாணம், இரண்டு காதுகுத்து, பேங்க், ஸ்கூல், “வந்துட்டு எங்க வூட்டுக்கு வராமப் போனா எப்டி” என்கிற சொந்தங்கள். மிச்சம் மீதி இருப்பதுதான் யாழினிக்கு.

போன வருஷம் அந்த மிச்சமும் கெட்டது. விமானம் விடியற்காலையில். அதற்குத் தோதாக மெட்ரோ கிடையாது, கார்தான். எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சில நாள் ரோட்டையே அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு அப்படி ஒரு நாள். காசிமேட்டைத் தாண்டுவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் மூடப் போகிற நேரம். சுமதி பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்சீட்டில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப நேரமில்லை.

அவள் கண் விழித்தபோது கார் திரும்பி ராயபுரம் வந்திருந்தது. பக்கத்தில் அம்மா இல்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. வீடியோ காலில் போனை வாங்குவாள், கேமராவை மின்விசிறிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். கேட்டால் ஒரே பதில்: “சொல்லாமப் போச்சு இல்ல.” அங்கே அவள் அம்மா மின்விசிறி சுற்றுவதையே பார்த்துவிட்டு நைட் டூட்டிக்குப் போவாள்.

அதனால்தான் இந்த வருஷம் முடிவு செய்தேன். கடைசி ராத்திரி ஏர்போர்ட் பக்கத்தில். அம்மாவும் பெண்ணும் ஒரே கட்டிலில் தூங்கட்டும். கிளம்பும் நேரத்தில் எழுப்பி, முகத்தைப் பார்த்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான் ஆசை. இதற்குத்தான் ரூம்.

மதியமே மெட்ரோ ஏறிவிட்டோம் – சுமதி, யாழினி, நான், என் கணவர், அப்புறம் பெட்டிகள். யாழினிக்குத் தலைகால் புரியவில்லை. ரூமில் போன் இருக்குமா, சோப்பு சின்னதாக இருக்குமா, அதை வீட்டுக்கு எடுத்து வரலாமா என்று வழி முழுக்க விசாரணை.

ரிசப்ஷனில் கோட்டு போட்ட ஓர் இளைஞர். பளிச்சென்று சிரித்தார். ஜூஸ் எல்லாம் கொடுத்தார். என் ஆதாரை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“சாரி மேடம். லோக்கல் ஐடி. அலோ பண்றதில்ல.”

எனக்குப் புரியவில்லை. லோக்கல்தான். அதனால் என்ன? சென்னை முகவரி உள்ளவர்களுக்கு இங்கே ரூம் கிடையாது, ஓட்டல் பாலிசி, புக் செய்யும்போதே கீழே போட்டிருக்கிறதே என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. கொசு மாதிரி எழுத்தில், எல்லாவற்றுக்கும் அடியில். சுமதி தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிலும் திருவொற்றியூர், சென்னை. அதுவும் லோக்கல்.

ஏன் இப்படி ஒரு பாலிசி என்று கேட்டேன். குழந்தை நிற்கிறதே என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் சிலர் தப்பான காரியத்துக்கு ரூம் எடுக்கிறார்களாம்.

எங்களை ஒரு தடவை பாருங்கள் சார். மூட்டுவலிக்காரி நான். மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் என் கணவர். பெட்டி நிறைய மிளகாய்ப்பொடியும் நெத்திலிக் கருவாடும் அடைத்து வைத்திருக்கும் ஒரு நர்ஸ். முதுகில் பொம்மைப் பையோடு ஒரு மூன்றாம் வகுப்பு. இந்தக் கூட்டம் கருவாட்டை வைத்துக்கொண்டு என்ன தப்பு செய்துவிடும்?

சொந்த ஊரில் யாருக்கு ஓட்டல் ரூம் தேவைப்படும் என்கிறார்கள். யாருக்கா? மழைவெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தபோது எங்கள் எண்ணூர் பக்கத்து ஜனங்களுக்குத் தேவைப்பட்டது. நடுராத்திரி கம்பெனியிலிருந்து வாயு கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்களே, அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டில் அடி வாங்கிவிட்டு, அம்மா வீட்டுக்கும் போக முடியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்ணுக்குத் தேவைப்படும். ஒன்றுமே வேண்டாம்... ஒரே ரூமில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க ஆசைப்படக் கூடாதா? இதில் இவர்களுக்கு என்ன நோவு?

இன்னொன்று. பெரிய நட்சத்திர ஓட்டல்களில் பெரும்பாலும் இதைக் கேட்க மாட்டார்களாம். நம் பட்ஜெட் ஓட்டலுக்குத்தான் ஒழுக்கத்தைப் பற்றி இத்தனை கவலை. காசு அதிகம் கொடுத்தால் தப்பும் சரியாகிவிடும் போலிருக்கிறது.

என் கணவர் பொறுமைசாலி. எண்ணூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தவர், என் சத்தமெல்லாம் அவர் காதில் ஏறாது. மெதுவாகப் பர்ஸைத் திறந்து, லேமினேஷன் பிரிந்துபோன தன் பழைய ஆதாரை எடுத்துக் கொடுத்தார்.

அதைப் பார்த்த இளைஞரின் முகம் மலர்ந்தது. “சார் வெளியூரா? முதல்லயே சொல்லிருக்கலாமே.”

விஷயம் இதுதான். சில வருஷம் முன்பு வரை திருவொற்றியூர், திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அப்புறம்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்த்தார்கள். நான் பொறுப்பாகப் போய் வரிசையில் நின்று என் கார்டைத் திருத்திக்கொண்டேன். இவர் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டார். ஆக, ஒரே வீடு, ஒரே கதவு, ஒரே அடுப்பு. அவர் வெளியூர். நான் உள்ளூர்.

ஒரே வீடுதானே என்று இளைஞரிடம் காட்டினேன். கதவு எண்ணையும் தெருப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, மாவட்டம் வேறே மேடம் என்றார்.

சுமதிக்கு நாளை விடியற்காலை விமானம், டிக்கெட் இருக்கிறது, அதையாவது பாருங்கள் என்று நான் விடவில்லை. அவர் உள்ளே போய் மேனேஜருக்குப் போன் செய்துவிட்டு வந்து தீர்ப்பைச் சொன்னார். சார் வெளியூர், ஓகே. டிக்கெட் இருக்கிற பயணி என்பதால் சுமதியும் ஓகே. குழந்தைக்கு ஐடி தேவையில்லை. நான் மட்டும் மாடிக்குப் போகக் கூடாது. ஒன்பது மணி வரை லாபியில் விசிட்டராக உட்காரலாம்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். யோசித்ததும் எனக்குள் இருந்த பத்திரிகைக்காரி போய்விட்டாள், திருவொற்றியூர்க்காரி வந்துவிட்டாள்.

“நல்லா கேட்டுக்கப்பா. தப்பு நடக்கக் கூடாதுன்னு ரூல் வெச்சிகினு கீறீங்க. இப்ப என் புருசனையும் என் தங்கச்சியையும் ஒரே ரூமுக்கு அனுப்புறீங்க. பொண்டாட்டிய வெளிய நிக்க வெக்கிறீங்க. இதான் உங்க ஓட்டலோட மானமா?”

லாபியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். என் கணவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. இளைஞர் என் கணவரின் ஆதாரையும் சுமதியின் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது.

சுமதிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வுடுக்கா. நான் ஏர்போர்ட்லயே குந்திக்கிறேன். நீங்க பாப்பாவ இட்டுகினு வூட்டுக்குப் போங்க.”

அதைக் கேட்டதும் யாழினி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கீழே வைத்திருந்த தன் பையை எடுத்துத் திரும்ப முதுகில் மாட்டிக்கொண்டாள். போன வருஷத்திலிருந்தே அவளுக்கு இது பழகிப்போன மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இளைஞரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மேடம் போய் அக்கா வந்தது.

“தப்பா நெனைக்காதக்கா. நான் வியாசர்பாடி. என் ஐடியும் லோக்கல்தான். லீவு நாள்ல துட்டு குடுத்தாலும் எனக்கே இங்க ரூம் கெடையாது. நான் இன்னா பண்றது, சொல்லு.”

என்ன சொல்வது? தான் படுக்க முடியாத ரூமின் சாவியைத் தினமும் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார். அதற்கப்புறம் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாலிசி எழுதினவர்கள் கவுன்ட்டரில் நிற்பதில்லை, எங்கேயோ ஏசி ரூமில் இருப்பார்கள். திட்டு அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இதைப் படித்தால் சேரட்டும்.

இந்த நகரத்துக்குக் கரன்ட்டும், பெட்ரோலும், காஸும், தட்டில் விழுகிற மீனும் எங்கள் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதற்கான சாம்பலையும் புகையையும் நாங்கள்தான் மூக்கில் வாங்குகிறோம். அப்போதெல்லாம் நாங்கள் லோக்கல் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. காசு கொடுத்து ஒரு ராத்திரி படுக்க வந்தால் மட்டும் எங்கள் முகவரி அவர்களுக்குக் குற்றமாகத் தெரிகிறது. நான் விசாரித்தவரையில் இப்படி ஒரு சட்டமே கிடையாது. ஓட்டல்காரர்கள் போலீஸ் ரூல் என்றும் சொல்லிப் பார்த்தார்கள், எங்கே அந்தக் காகிதம் என்று கேட்டேன், கவுன்ட்டரில் அவர்களே ஒட்டியிருந்த அட்டையைத்தான் காட்டினார்கள்.

கடைசியில் என் கணவர் வாயைத் திறந்தார். ரூமைத் தன் பெயரில் போடச் சொன்னார். ரிஜிஸ்டரில் எங்கிருந்து வருகிறீர்கள் என்ற இடத்தில் திருவொற்றியூர் என்று எழுதினார். எங்கே போகிறீர்கள் என்ற இடத்திலும் திருவொற்றியூர். இளைஞர் படித்துப் பார்த்துவிட்டு சீல் வைத்தார். சாவியை வாங்கியதும் இவர் அதைச் சுமதி கையில் கொடுத்து அம்மாவையும் பெண்ணையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் லாபி சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டார். உங்களுக்குத்தான் ரூம் ஓகே ஆகிவிட்டதே என்றேன். “பொண்டாட்டி உள்ளூரு. தனியா வுட்டுட்டு எப்டிப் போறது” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அடித்த ஒரே ஜோக்.

ஒன்பது மணிக்கு மேல் விசிட்டருக்கு அனுமதி இல்லை என்று எதிரே போர்டு இருந்தது. நான் அசையவில்லை. அந்த இளைஞர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கிளம்பும் நேரம் வந்தபோது லிஃப்ட் திறந்தது. யாழினி நடந்து வந்தாள். தூக்கக் கலக்கத்தில் இல்லை, முழு விழிப்பில். அந்த வேளையில் அவள் அம்மா அவளுக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டு விட்டிருந்தாள். இனி ஒரு வருஷத்துக்கு அவள் கை அந்தத் தலையில் படாதே.

வாசலில் டாக்ஸி நின்றது. சுமதி குனிந்து பெண்ணின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா போயிட்டு வரேன்.” அதைச் சொல்லத்தான் இத்தனை சண்டை. யாழினி தலையாட்டினாள். “போய் எறங்கினதும் வீடியோ கால் பண்ணு. நான் எடுப்பேன்” என்றாள். அழுதது சுமதிதான். நானும்தான். வெளியூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்ஸி போன பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இளைஞருக்கும் தூக்கக் கலக்கம். எல்லாருக்கும் சொல்கிற பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “தேங்க்யூ மேடம், மறுபடியும் வாங்க.”

வரேன்பா... வேற ஊருக்குக் குடி போனதும் வரேன்.