முன்னூற்றுப் பன்னிரண்டில் இரண்டு பேர்

“அந்தப் பொண்ணக் கடைசியா எத்தனை மணிக்குப் பாத்தே?”

கப்பலின் இரண்டாம் அதிகாரி அன்று என்னிடம் இப்படிக் கேட்டார். பிற்பகல் மூன்று பத்துக்கு அவள் என் பக்கத்தில் நின்றாள் என்று அவர் கையிலிருந்த தாள் சொன்னது. அப்படிக் குறிக்க வைத்தவள் நான்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, நூற்றிருபது பேர் கப்பலிலேயே நான்கு மாதம் படிக்கக் கிளம்பியிருந்தோம். கடலில் போகும்போது வகுப்பு, துறைமுகம் வந்தால் இறங்கிக் களப்பணி. முன்னூற்றுப் பன்னிரண்டாம் அறையில் நானும் அவளும். அவளுக்குக் ‘கோழி’ என்று பெயர் வைத்ததும் நான்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். எழுந்தால் சும்மா இருக்க மாட்டாள். மேல் தளத்தில் பத்துச் சுற்று நடப்பாள், குளிப்பாள், ஈரத்துணியைக் கட்டில் கம்பியில் மடிப்பு விழாமல் காயப் போடுவாள். பிறகு என் காலைப் பிடித்து இழுப்பாள்.

“எந்திரிடீ. கப்பலே கெளம்பி எவ்ளோ தூரம் வந்துடுச்சு, நீ இன்னும் போர்வைய விட்டு வரல.”

“கோழி கூவினா கப்பல் நிக்குமா? போ.”

எட்டரைக்கு வகுப்பு. நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருக்கும். அலை பெரிதாக இருந்தால் ஆசிரியர் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எழுதுவார். கோழிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. முகம் வெளிறிப்போய், மடியில் ஒரு காகிதப் பையோடு உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. அவள் அம்மா பேருந்து நடத்துநர். உதவித்தொகை கிடைத்த அன்று பணிமனை முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். “எங்கம்மா பின்படியத் திரும்பிப் பாக்காம விசில் ஊதவே மாட்டாங்க. அவங்க பஸ்ல ஒருத்தர் கூட விட்டுப்போனது கிடையாது” என்று பெருமையாகச் சொல்வாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். ஏழு முறை குட்டையாகவும் ஒருமுறை நீளமாகவும் மணி ஒலித்தால் எல்லோரும் படகுத் தளத்துக்கு ஓட வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதிகாரி அறை எண்ணைப் படிப்பார், அந்த அறையில் தங்கியிருப்பவர்களில் ஒருவர் “ரெண்டு பேரும் இருக்கோம்” என்று சொல்வார். போன தடவை நான் குளியலறையில் சோப்பும் நுரையுமாக மாட்டிக்கொண்டபோது, கோழிதான் அப்படிச் சொல்லிக் காப்பாற்றினாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது, வராத தோழிகளுக்காக இப்படி எத்தனை முறை குரல் கொடுத்திருக்கிறோம்! அதே பழக்கம்.

அன்று மதியச் சாப்பாட்டில் அவள் இரண்டு வாய்கூட உண்ணவில்லை. “மாத்திரை போட்டுட்டுப் படுக்கப் போறேன்டீ” என்று எழுந்து போனாள். அப்போது மணி ஒன்று. நான் நூலகத்துக்குப் போனேன். மூன்று மணிக்கு மணி ஒலித்தது. பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். வாங்கிய உதவியைத் திருப்பிச் செய்கிற சந்தோஷம் வேறு.

“முன்னூத்திப் பன்னண்டு?”

“ரெண்டு பேரும் இருக்கோம் சார்!”

நான்கு மணி வகுப்பில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து மணிக்கு அறைக்குப் போனேன். கட்டிலில் விரிப்பு கசங்காமல் அப்படியே இருந்தது. அவள் படுக்கவே இல்லை. கழிப்பறை, மருத்துவர் அறை, நூலகம், மேல் தளம் எல்லாம் ஓடிப் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. சுற்றிலும் தண்ணீர். அதிகாரிகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

கப்பல் திரும்பத் தொடங்கியது. தரை சாய்ந்தபோது மேசைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

“இங்க பாரு,” என்றார் இரண்டாம் அதிகாரி. “அவ கடல்ல விழுந்திருந்தா, மூணு பத்துக்கு அப்புறம்னா ஒரு எடத்துல தேடணும். ஒரு மணின்னா வேற எடம், ரொம்பப் பின்னாடி. எது?”

உண்மையைச் சொன்னால் என்னை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“ஒரு மணி சார். ஒத்திகைக்கு அவ வரல. நான் பொய் சொன்னேன்.”

அவர் திட்டவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை. “ஆள் கொறஞ்சிருந்தா அப்பவே கீழ்த் தளம் வரைக்கும் ஒவ்வொரு கதவா தொறந்து பாத்திருப்போமேம்மா” என்றார். வானொலிக் கருவியை எடுத்து, கடலில் தேடுவதோடு கப்பலுக்குள்ளும் தேடச் சொன்னார்.

இருபது நிமிடத்தில் கிடைத்தாள். அடித்தளத்தில், இயந்திர அறையை ஒட்டி, எங்கள் பயணப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில். குளிருக்குக் கம்பளிச் சட்டை எடுக்கப் போயிருக்கிறாள். மாத்திரை மயக்கத்தில் பெட்டிகளுக்குப் பின்னால் சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாள் வாசலில் நின்று “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வெளியே பூட்டியிருக்கிறார். மணிச் சத்தத்தில்தான் விழித்திருக்கிறாள். ஒத்திகை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கப்பல் மூழ்குகிறது, எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறாள். அவள் கதவைத் தட்டியது இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு கைகளும் வீங்கியிருந்தன. குரல் போய்விட்டது. நான் அவள் முன்னால் போய் நின்று, செய்ததைச் சொன்னேன்.

அவள் காற்றைப் போன்ற குரலில் சொன்னாள்: “நீ எண்ணிக்கைல நிப்பல்ல, நான் இல்லன்னு சொல்லுவ, யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சுத்தான்டீ தட்டிக்கிட்டே இருந்தேன்.”

இப்போதும் நாங்கள் அதே அறையில்தான் இருக்கிறோம். அறைக் கதவைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. திரையை மட்டும் இழுத்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்துத் தூங்குகிறோம். ஒத்திகையில் இனி அறை எண் இல்லை. ஒவ்வொருவரும் முகத்தைக் காட்டி, தன் வாயால் சொல்ல வேண்டும்.

அவள் அனுமதியோடுதான் இதை எழுதினேன். வராத தோழிக்காக “இருக்கிறாள்” என்று குரல் கொடுக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அவள் தட்டியதை மட்டும் விடாமல் சொல்லுங்கள்.