ஏழாவது கணக்கும் நாலு வாசல் அறையும்

ஜெஸ்லின் டீச்சர் வீட்டில் இட்லிக்கு அரிசி நான்கு டம்ளர் என்றால் உளுந்து ஒரு டம்ளர். தலை தட்டித்தான் அளப்பார். கணவர் ஜாபஸ் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், ஒல்லியான மனிதர்.

“எனக்குச் சோறு வைக்கிறதும் விகிதத்துலதானா? உனக்கு ரெண்டு கரண்டி, எனக்கு மூணா?” என்பார் அவர்.

“புள்ளைகளுக்கு எடைக்குத் தக்க மருந்து குடுக்கிற ஆளு நீங்க. உங்க எடை ஏறுற வரைக்கும் மூணுதான்” என்பார் டீச்சர்.

பிறந்தது நாசரேத். படித்தது பாளையங்கோட்டை. நாரணாபுரம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த நாள் 2019 ஜூன் 3, திங்கட்கிழமை. அன்றிலிருந்து குடியிருப்பது சிவகாசி டவுனில். பள்ளிக்குப் போக வர பஸ். வழியில் பட்டாசுக் கம்பெனிகளின் நீளமான சுற்றுச்சுவர்களைத் தினமும் இரண்டு முறை பார்ப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை.

எட்டாம் வகுப்பில் நேர் மாறலும் எதிர் மாறலும் வந்துவிட்டால் டீச்சருக்குத் திருவிழாதான். அந்த வருடம் பன்னிரண்டு எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் ஒரு பெரிய குண்டானும் வகுப்புக்கே வந்தன. பழத்துக்கு இத்தனை சர்க்கரை, இத்தனை தண்ணீர் என்று கரும்பலகையில் போட்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் சர்பத் கொடுத்தார்.

கடைசி பெஞ்சு முத்துப்பாண்டி இரண்டாவது டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டான். “நேர் மாறலுக்கு சர்பத்து. எதிர் மாறலுக்கு என்ன டீச்சர் கொண்டாருவீக?”

“ஆளு கூடக் கூட ஆளுக்குக் கிடைக்கிற சர்பத்து குறையும்லே, அதான் எதிர் மாறல். பக்கத்து கிளாஸையும் கூப்பிட்டுக் காட்டட்டுமா?”

“வேணாம் டீச்சர், புரிஞ்சிருச்சு!”

இத்தனை இருந்தும் டீச்சருக்கு ஒரு குறை இருந்தது. விருதுநகரில் நடக்கும் மாவட்டக் கணிதப் போட்டிக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஐந்து வருடத்தில் ஒரு பிள்ளை போனதில்லை. தலைமையாசிரியர் சீனிவாசகத்தின் விதி அப்படி: பள்ளியில் வைக்கும் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால்தான் பெயர் போகும். முப்பத்தொன்பதரைக்கும் இரங்க மாட்டார்.

இந்த முறை டீச்சர் ஒரு பிள்ளையை நம்பியிருந்தார். பெயர் அனுப்பிரியா. அதிகம் பேசாத பெண். மனக்கணக்கில் டீச்சரையே முந்துவாள். அவளுடைய அம்மா ஆவுடைத்தாய் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். பெயர் அனுப்பக் கடைசி நாள் 2024 அக்டோபர் 10, வியாழன், மாலை நான்கு மணி.

திங்கட்கிழமை தேர்வு. பத்துக் கணக்கு, கணக்குக்கு ஐந்து மதிப்பெண். வினாத்தாள் டீச்சர் தயாரித்தது. பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டியிருக்கட்டும் என்று ஏழாவது கணக்கை ஆசையாக எழுதியிருந்தார்.

‘ஒரு பட்டாசு ஆலையின் ஓர் அறையில் 4 பேர் வேலை செய்து ஓர் ஆர்டரை 6 நாள்களில் முடிக்கிறார்கள். அதே ஆர்டரை ஒரே நாளில் முடிக்க அந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும்?’

நான்கை ஆறால் பெருக்கினால் இருபத்து நான்கு. சர்பத் குடித்த எந்தப் பிள்ளையும் போட்டுவிடும் கணக்கு.

ஏழு பேர் 24 என்று எழுதியிருந்தார்கள். மீதி முப்பத்தொரு பேரும் ‘முடியாது’ என்றோ ‘4 பேர்தான்’ என்றோ எழுதியிருந்தார்கள். அனுப்பிரியாவின் தாளிலும் ‘4’ என்ற எண்ணைக் கண்டதும் டீச்சரின் சிவப்புப் பேனா நிற்கவில்லை. ஒரே கோடு, முட்டை. அவளுடைய மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டு. ஒருவர்கூட நாற்பதைத் தொடவில்லை.

சீனிவாசகம் தாள்களைப் புரட்டினார். “முப்பத்தொரு பேரு ஒரே தப்பைச் செய்ய முடியுமாம்மா? எல்லாம் பார்த்து எழுதினது. இந்த வருசமும் யாரையும் அனுப்ப வேண்டாம்.”

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் வகுப்பில் கொதித்தார். அனுப்பிரியா எழுந்து, “டீச்சர், அது வந்து... முடியாது டீச்சர்” என்றாள்.

“நீயுமா? உட்காரு. முப்பத்தொரு பேரும் வீட்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

தீபாவளிக்கு இருபத்து மூன்று நாள்தான் இருந்தது. சீசன் உச்சத்தில் யார் வீட்டிலிருந்து யார் வருவார்? அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு டீச்சர் பஸ்ஸுக்காகப் பள்ளி வாசலில் நின்றபோது, கம்பெனி வேன் ஒன்று அங்கே நின்றது. ஒரு பெண் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். முழங்கை வரைக்கும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்கியது.

“டீச்சர், நான் அனுப்பிரியா அம்மா. டிரைவரு மூணு நிமிசந்தான் குடுத்திருக்காரு. வேன்ல வரும்போது புள்ள போன் பண்ணுனா. அவ பாத்து எழுதிட்டாளாமே?”

“முப்பத்தொரு பேரு ஒரே பதில் எழுதியிருக்காங்கம்மா.”

“என்ன கணக்கு டீச்சர்? வாசிங்க, கேப்போம்.”

டீச்சர் பையிலிருந்து வினாத்தாளை எடுத்து வாசித்தார். ஆவுடைத்தாய் பொறுமையாகக் கேட்டார். விடை இருபத்து நான்கு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வேனைப் பார்த்துக் கூவினார்.

“ஏ வள்ளித்தாயி! நம்ம ரூமுல இருவத்தினாலு பேரு உக்காந்து வேலை பாக்கணுமாம்டி!”

வேனே குலுங்கியது. “யாரு மடியில யாரு உக்காரன்னு கேளுக்கா!” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “டீச்சர் போர்மேனா வந்தாகன்னா, மறுநாளே கம்பெனிக்குப் பூட்டுதான்!” என்றது இன்னொன்று.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆவுடைத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“தப்பா நெனைக்காதீக டீச்சர். சட்டப்படி எங்க ரூமுக்கு நாலு வாசல். நாலு பேரு. ஆளுக்கு ஒரு வாசல். தீ கீ பத்தி ஒண்ணுன்னா அவ அவ வாசல் வழியா ஓடிரணும். அஞ்சாவதா ஒருத்தி உள்ள வந்தா நானே வெரட்டி விட்டுருவேன். எங்க வீட்டுப் புள்ளைக நடக்கப் படிக்கும்போதே இதைக் கேட்டு வளர்ந்ததுக.”

“அப்போ ஆர்டரை ஒரே நாள்ல முடிக்கணும்னா என்ன செய்வீங்க?”

“என்ன செய்ய? ஆறு ரூமு தொறக்கணும். ரூமுக்கு நாலு பேரு.”

டிரைவர் ஹாரனை அழுத்தினார். ஆவுடைத்தாய் வேனுக்கு ஓடினார். டீச்சர் வாசலில் நின்றபடியே விடைத்தாள் கட்டைப் பிரித்து அனுப்பிரியாவின் தாளை எடுத்தார். அவருடைய சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெளிவாக இருந்தது: ‘4 பேர்தான். 6 ரூம் வேண்டும்.’

வீட்டில் கதையைக் கேட்ட ஜாபஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஒரு காய்ச்சலுக்கு பத்து நர்சு ஊசி போட்டா பத்து மடங்கு சீக்கிரம் குணமாகுமா? உன் கணக்குப்படி ஆகணும்.”

“சிரிக்காதீங்க. நாலாவது கரண்டி வச்சிருவேன்.”

புதன்கிழமை காலை டீச்சர் முதலில் செய்தது, சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழிலைப் பார்த்தது. முப்பத்தெட்டில் முப்பது வீடு பட்டாசுக்குப் போகிற வீடு. மீதி எட்டு அச்சகம், கடை, ஆடு, மினி பஸ். 24 என்று எழுதிய ஏழு பேரும் இந்த எட்டில் இருந்தார்கள். ஒன்று இடித்தது.

வகுப்புக்குப் போனதும் ஏழாவது கணக்கைப் பலகையில் எழுதி, அதன் மேலேயே சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டார். “தப்பு உங்க பதில்ல இல்ல, என் கேள்வியில. உங்களைச் சந்தேகப்பட்டதும் தப்புதான்.”

பிறகு டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

“ஆனா ஒருத்தன் மட்டும் எந்திரிக்கணும். முத்துப்பாண்டி! உங்க அப்பா மினி பஸ் ஓட்டுறாரு. அம்மா ஆடு வச்சிருக்காக. நீ எப்படிலே ‘முடியாது’ன்னு எழுதின?”

முத்துப்பாண்டி தலையைச் சொறிந்தான். “முப்பது பேரு தப்பா எழுதுவாகளா டீச்சர்?”

சிரித்து முடியக் கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு பாடத்தைப் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போனார்கள். ஆளைக் கூட்டினால் நாள் எங்கே குறையும், எங்கே குறையாது?

“எங்க கோழி இருவத்தொரு நாள் அடை காக்குது டீச்சர். மூணு கோழிய உக்கார வச்சா ஏழே நாள்ல பொரிச்சிருமா?” என்றாள் ஒருத்தி.

அச்சகத் தொழிலாளி மகன் செந்தூர்பாண்டி எழுந்தான். “தினக் காலண்டர்ல நாளைக்கு ஒரு தாளு. ரெண்டு பேரு சேர்ந்து கிழிச்சா தீபாவளி சீக்கிரம் வருமா டீச்சர்?”

அனுப்பிரியா மட்டும் பலகைக்கு வந்து ஒரு அட்டவணை போட்டாள். அறை 1, நாள் 6. அறை 2, நாள் 3. அறை 3, நாள் 2. அறை 6, நாள் 1. எல்லா வரியிலும் ஒரு அறைக்கு நாலு பேர். இரண்டு எண்களைப் பெருக்கினால் எங்கும் ஆறு. எதிர் மாறல் என்றால் இதுதான்.

டீச்சர் தாள்களை மறுபடி திருத்தினார். 24 போட்ட ஏழு பேருக்கும் மதிப்பெண் அப்படியே. காரணம் தெரிந்து மறுத்தவர்களுக்கு மூன்று. வழியும் சொன்ன ஒருத்திக்கு ஐந்து. முத்துப்பாண்டிக்குப் பழைய முட்டையே.

வியாழக்கிழமை மூன்று பத்துக்குத் தலைமையாசிரியர் அறை. சீனிவாசகம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். நாலு வாசல் கதையைக் கேட்டார். பிறகு முப்பத்தெட்டையும் ஐந்தையும் இரண்டு முறை கூட்டினார்.

“நாப்பத்தி மூணு. விதிப்படி சரி” என்று கையெழுத்துப் போட்டார். மூடி போட்ட பேனாவைத் திரும்பத் திறந்தார். “ஏம்மா, அந்தக் கேள்வியை நானுந்தான் பாத்து இனிஷியல் போட்டேன். எனக்கு எத்தனை மார்க்கு?”

“உங்களுக்கும் எனக்கும் முட்டை சார். சம பங்கு.”

அன்று மாலை டீச்சர் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். பக்கத்தில் அனுப்பிரியா. ஐந்து நாற்பத்து மூன்றுக்கு வேன் திரும்பியது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு வெள்ளிக் கை நீண்டது.

“எம்புட்டு டீச்சர்?”

“நாப்பத்தி மூணு! பத்தொம்பதாம் தேதி விருதுநகருக்குப் போறா!”

வேனுக்குள் குலவை கிளம்பியது. அது அடங்குவதற்குள் வள்ளித்தாய் எட்டிப் பார்த்தார்.

“சரி டீச்சர், ரூமுக்கு எத்தன பேரு?”

“நாலு!” என்றார் ஜெஸ்லின் டீச்சர், வகுப்பில் பதில் சொல்லும் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கி.