நகரசபையில் முன்வரிசை

மொன்றியலில் நகரசபைக் கூட்டம். அகதியாக வந்து இங்கே குடியேறிய செல்வம் அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்த என்னைக் கூட்டிவந்திருக்கிறார். கடைசி வரிசையிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறேன். தேசப் பாதுகாப்பென்று சொல்லிச் சனங்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க விடும் புதுச் சட்டத்தைச் சபை எதிர்க்க வேண்டுமென்று, மேசைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பினர்களிடம் ஒரு வெள்ளைக்காரி கேட்கிறாள். அதுவும் ஒலிவாங்கியில், தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு!

"பயமில்லையோ, அண்ணை?"

"இஞ்ச பயப்பிடுறது மேசைக்கு அங்கால இருக்கிறவை."

உறுப்பினர்கள் எல்லோரும் நாட்டின் அரசாங்கத்துக்கு எதிராகக் கை உயர்த்துகிறார்கள். நான் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். அப்போது வாசலில் நின்ற பொலிஸ்காரன் நேரே என்னிடம் வருகிறான். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் என் கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையைப் பிடிக்கிறது. அவன் குனிந்து பிரெஞ்சில் ஏதோ சொல்கிறான்.

"முன்னுக்கு இடமிருக்காம். வந்து வடிவாப் பார்க்கட்டாம்," என்கிறார் அண்ணை.

முன்வரிசையில் போய் இருக்கிறேன். கை இன்னும் அட்டையை விடவில்லை.